காணாமல் போன ‘ங்க’

எங்கள் ஊர் மாரன்ஸீலில் மலை கிடையாது. மேடு கூடக் கிடையாது. கடல் உள்ளே வந்துவிடாமலிருக்கக் கட்டிய அணை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்மேல் ஏறி நின்று, மூச்சு வாங்குவதாக ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வோம். ஊர் கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே கிடக்கிறது. இப்பேர்ப்பட்ட ஊரில் 1911ஆம் ஆண்டிலிருந்து ஒரு மலையேறுவோர் சங்கம் நடக்கிறது. உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

“மலை இல்லாதது மலையோட குறை. சங்கத்தோட குறை இல்ல” என்று தலைவர் டாக்டர் உப்போ ஹாரிங்கா ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் சொல்வார். அவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் போனால் அவருக்குத் தலை சுற்றும். ஆகவே உயரங்களைப் பற்றி அவர் நடுநிலையோடு முடிவெடுப்பார் என்று முப்பத்தோரு வருஷமாக அவரையே தேர்ந்தெடுத்து வருகிறோம்.

மலையேறுகிறவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் ‘நீங்க’ கிடையாது. நீதிபதியானாலும் மாடு மேய்க்கிறவரானாலும் ‘நீ’தான். ஒரே கயிற்றில் தொங்குகிறவர்களுக்குள் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று எவனோ நல்ல மனசுக்காரன் ஆரம்பித்து வைத்தது. எங்கள் பக்கத்தில் ‘நீ’ என்பது சும்மா கிடைக்கிற சரக்கு இல்லை. இருபது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்து, வேலிக்கு மேலே எட்டி வானிலை பேசி, ‘நீங்க’ என்றே கூப்பிட்டுச் செத்துப்போனவர்கள் உண்டு.

பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றைச் சங்கம் ஏறுகூடமாக மாற்றியது. பதினான்கு மீட்டர் சுவர், அதில் சிவப்பும் பச்சையுமாகக் கைப்பிடிகள். மற்ற ஊர்க் கூடங்களில் வாசலைத் தாண்டினாலே எல்லாரும் ‘நீ, வா, போ’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்களாம். எங்கள் சங்கம் அந்த ஒழுங்கீனத்துக்கு இடம் கொடுக்கவில்லை. விதி ஏழு உருவாயிற்று. சுவரில் ஒரு மீட்டர் என்பது மலையில் நூறு மீட்டர். பத்தாவது மீட்டரில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு மேலே ‘நீ’ கட்டாயம். கோட்டுக்குக் கீழே ‘நீ’ குற்றம். ஒருவர் மேலேயும் ஒருவர் தரையிலும் இருந்தால் என்ன செய்வது என்று எட்டு மாதம் விவாதித்து, கேட்பவருடைய காது இருக்கும் உயரமே செல்லும் என்று தீர்மானித்தார்கள். இரண்டு காதும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தலையைச் சாய்த்து ஒரு காதை மட்டும் நீட்டுகிறவர்களுக்கு ஒரு துணைவிதி இருக்கிறது. பழைய நட்பு, தாம்பத்தியம், ரத்த உறவு மூன்றுக்கும் விலக்கு உண்டு, சான்றிதழ் காட்டினால்.

இந்தச் சங்கத்தில்தான் ஐலர்ட் பொப்பிங்கா போய்ச் சேர்ந்தார்.

ஐம்பத்திரண்டு வயது. ஊரின் பம்பு நிலையத்தில் வேலை. வயல்களிலிருந்து வாய்க்கால் வழியே வந்து சேரும் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளுகிற இடம் அது. அவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் ஊர் மிதக்கும். எல்லாருக்கும் தெரியும். ஆனால் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது யார் அங்கே போய்ப் பார்க்கிறார்கள்? மனைவி ஏழு வருஷத்துக்கு முன்னால் ஹாம்பர்குக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேநீர் போடுவார் ஐலர்ட். கற்கண்டுக் கட்டி, மேலே ஒரு சொட்டுப் பாலாடை, கலக்காமல். மூன்று கோப்பை எங்கள் ஊர்ச் சட்டம். மூன்றுக்கு முன்னால் எழுந்தால் விருந்து கொடுத்தவருக்கு அவமானம். மூன்று முடிந்ததும் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால் போதும் என்று அர்த்தம். ஐலர்ட் தனக்குத் தானே மூன்று ஊற்றிக் குடித்துவிட்டு, தனக்குத் தானே கரண்டியைப் போட்டு வைப்பார்.

அவரை ‘நீ’ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர். பள்ளித் தோழர் ஃபோக்கோ ஒருவர், அதே வகுப்பில் படித்த தோழி தேடா இன்னொருவர். (நான் ஐலர்ட்டை ‘அவர்’ என்றே எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். நானும் சங்க உறுப்பினன். ‘அவன்’ என்று எழுத அவருடைய இரண்டு காதும் கோட்டைத் தாண்ட வேண்டும்.)

யோசனை ஃபோக்கோவுடையது. “டேய் ஐலர்ட், உனக்கு வயசு அம்பத்திரண்டு, உன் வயித்துக்கு எழுபது. வாடா, மூணு பேரும் சேர்ந்து சுவர் ஏறலாம்” என்றார்.

“இவனா? இவன் பல்பு மாத்தவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடறவன்” என்றார் தேடா.

“கூப்பிடல. அவரா வந்தாரு” என்றார் ஐலர்ட். இப்படிக் கேலி பேச இரண்டு பேர் இருப்பதே அவருக்குப் பெரிய சொத்து. மறுநாளே போய்க் காலணி வாங்கினார்.

மூன்று பேர் சேர்ந்து போனார்கள். கயிற்றுக்கு இரண்டு முனைதான் இருக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஒருவர் ஏற வேண்டும், ஒருவர் கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் பெஞ்சில் உட்கார வேண்டும். முதல் வாரம் முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் தேடா ஏறி முடித்த பிறகும் ஃபோக்கோ கயிற்றை விடவில்லை. நான்காவது வாரம் அவர்கள் இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள், சும்மா பார்த்துக்கொண்டார்கள். ஐலர்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கையில் பூசும் வெள்ளைப் பொடிப் பையை மூவருக்குமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வசந்தத்தில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு தெற்கே நிஜ மலைக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டார்கள். “வா ஐலர்ட், கட்டாயம் வா, பெரிய வீடு” என்று இரண்டு பேரும் சொன்னார்கள். பெயர்தான் தேடா என்று ஆகிவிட்டதே, அதற்கப்புறம் அவர் தேடவில்லை. ஃபோக்கோவும் தேடவில்லை.

வியாழக்கிழமை ஐலர்ட் தனியாகக் கூடத்துக்குப் போனார். பழக்கம்தான். வேறு எங்கே போவது?

வரவேற்பு மேஜைப் பெண்மணி, “உங்க ஜோடி எங்க சார்?” என்றார்.

“இல்லைங்க. நான் மட்டும்தான்.”

“தனியாள் உள்ள போக முடியாது. கயிறு யாரு பிடிப்பா? துணை ஒதுக்கீட்டுக் குழுவுக்கு மனு போடுங்க. இந்தப் படிவத்தை நிரப்புங்க.”

படிவத்தின் தலைப்பு ‘நட்பின்மைச் சான்று’. மனுதாரருக்கு நண்பர் எவரும் இல்லை என்பதை மனுதாரரின் நண்பர்கள் இருவர் கையெழுத்திட்டு உறுதி செய்ய வேண்டும்.

ஐலர்ட் இரண்டு முறை படித்தார். “ரெண்டு நண்பர் இருந்தா நான் ஏங்க இங்க நிக்கறேன்?”

“அதான் சார், இருந்தா இந்தப் படிவமே வேண்டாமே” என்று பெண்மணி பொறுமையாக விளக்கினார். “சும்மா யார் கையெழுத்தையும் ஏத்துக்க முடியாது. உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னாத்தானே நம்ப முடியும்?”

படிவம் தெற்கே தபாலில் போயிற்று. பத்து நாளில் திரும்பி வந்தது. ஃபோக்கோவும் தேடாவும் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து, ‘மிகுந்த மகிழ்ச்சியுடன் உறுதி செய்கிறோம்’ என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஐலர்ட் அன்று தேநீர் இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொண்டார். ஒன்றும் பிடிக்கவில்லை.

குழு அவருக்கு ஒதுக்கிய துணையின் பெயர் கேஷே வில்ட்ஸ். விடிவதற்கு முன்னால் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வருகிற டேங்கர் லாரியை ஓட்டுகிறவர். நாற்பத்தெட்டு வயது, அகலமான கைகள். பேச்சு மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாள் இருவரும் கூடத்துச் சிற்றுண்டி மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“லாரியில தனியாத்தான் போவீங்களா, மேடம்?” என்று கேட்டார் ஐலர்ட்.

“தனியாத்தான். மாடு பேசாது. பண்ணைக்காரரும் பேசமாட்டாரு.”

“இங்க எப்படி வந்தீங்க?”

கேஷே இரண்டாவது கோப்பையை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “நாள் பூரா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு இருக்கேன். ஒரு தடவையாவது ஓர் ஆளைப் பிடிக்கணும்னு தோணுச்சு.” பிறகு மூன்றாவது கோப்பையை ஊற்றினார். “மூணு ஆகாம எழுந்திரிக்கக் கூடாதே.” ஐலர்ட்டுக்கு அன்றைக்குத் தேநீர் ருசித்தது.

ஏறுவதற்கு முன்னால் இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் சோதிக்க வேண்டும். உயிர் விஷயம், ஒரு நிமிஷத்தில் முடியும். எங்கள் சங்கத்தில் அதற்குப் பதினான்கு கேள்விகள் உண்டு. “மதிப்புக்குரிய பொப்பிங்கா சார், உங்க இடுப்புப் பட்டையை நான் பார்வையிடலாமா?” “தாராளமா பார்வையிடுங்க, மதிப்புக்குரிய வில்ட்ஸ் மேடம்.” “பார்வையிட்டேன். திருப்தி. என் திருப்தி உங்களுக்குத் திருப்தியா?” “திருப்தி.” ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சில வியாழக்கிழமைகளில் சுவருக்கு நேரமே இருக்காது; திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுவோம்.

இதையெல்லாம் கவனிக்க ஓர் அதிகாரி இருந்தார். மொழிக் கண்காணிப்பாளர் மென்னோ ப்ரோன்ஸ். கூடத்தின் நடுவில் உயரமான நாற்காலி, கழுத்தில் விசில், கையில் தூரம் அளக்கும் கருவி. யாராவது பேசினால் கருவியை எதிராளியின் காதுக்குத் திருப்பி அளப்பார்.

கேஷே மூன்றாவது வாரமே மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டார். அகலமான கைகள் ஆயிற்றே. கீழே ஐலர்ட் கயிறு பிடித்திருந்தார். இப்போது ‘நீ’ என்று கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாவிட்டால் மென்னோ விசில் ஊதுவார். “கேஷே, நீ... நீ இடது கையை அந்தப் பச்சைப் பிடியில வை” என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அப்புறம் கேஷே இறங்கும்போது, “நீ காலை மெதுவா... கொஞ்சம் கீழ வைங்க, மேடம்” என்று வாக்கியத்தின் நடுவில் கோடு வந்து தொலைத்தது.

“மேல எப்படி இருந்துச்சுங்க?” என்று கேட்டார்.

கேஷே முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். “ஒண்ணும் தெரியல. கூரைதான் தெரியுது. ஆனா கூப்பிடறது கேக்குது.”

அன்றிலிருந்து ஐலர்ட்டுக்கு ஒரே ஆசை. பத்து மீட்டர் ஏற வேண்டும். மலை மீதெல்லாம் அவருக்கு மோகம் இல்லை, உடம்பு இளைக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தப் பூமியில் இனி அவரை ‘நீ’ என்று ஒருவர் கூப்பிடக்கூடிய இடம் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். ஐந்து மீட்டரில் முழங்கால் ஆடும். ஆறில் விரல் மரத்துப்போகும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது அவர் விஷயத்தில் பழமொழி இல்லை, கணக்கெடுப்பு. ஆனாலும் ஒரு வியாழக்கிழமை தவறவில்லை. “பரவாயில்லைங்க சார், அடுத்த வாரம் பாக்கலாம்” என்று கேஷே ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்த ‘ங்க’ அவர் காதில் உறுத்தும்.

நவம்பரில் அது நடந்தது. அன்று ஐலர்ட் ஏழு மீட்டர் வரை போய்விட்டார். கால் நழுவியது. கயிறு பிடித்துக்கொண்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் சுவரைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கிற்று. அப்போது கீழேயிருந்து கேஷேவின் குரல் வந்தது, உரத்துக்கூட இல்லை.

“பயப்படாத. நான் பிடிச்சிருக்கேன். நீ விழமாட்ட.”

விசில் சத்தம் கூடத்தைப் பிளந்தது. மென்னோ ப்ரோன்ஸ் நாற்காலியிலேயே எழுந்து நின்று கருவியை நீட்டினார். “ஆறு புள்ளி எட்டு மூணு! ரெண்டு காதும்!”

ஐலர்ட்டுக்கு விசில் கேட்கவில்லை. அவர் அந்தச் சொற்களையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுக்கம் நின்றுவிட்டது. இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினார். கீழே வந்து பார்த்தால் கேஷேவின் கையிலிருந்த கயிற்றை மென்னோ தடயப் பொருளாகப் பறிமுதல் செய்துகொண்டிருந்தார்.

விசாரணைக்கு இரண்டு வாரம் ஆயிற்று. குற்றம் நிரூபணமானால் தண்டனை விதியிலேயே இருந்தது: ஜோடி கலைக்கப்படும், குற்றவாளி இரண்டு வருஷம் தனியாள் பட்டியலில் வைக்கப்படுவார். விதிப்படி சாட்சி ஒருவர்தான். ‘நீ’ என்ற சொல் யார் காதில் விழுந்ததோ அவர்.

சங்க அறையில் நீள மேஜை போட்டு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் நாங்கள் ஒருவரும் ஏறாத மலைகளின் படங்கள். கேஷே ஒரு மூலை நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். “நீங்க என்ன சொல்றீங்க மேடம்?” என்று கேட்டதற்கு, “என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. அவர் நடுங்கினாரு, பாத்தேன், சொன்னேன்” என்றார். அது அவருக்குச் சாதகமாக இல்லை.

தலைவர் ஹாரிங்கா எழுந்தார்.

“மதிப்புக்குரிய உறுப்பினர்களே. ஓர் ஆள் நடுங்கறாருன்னு ‘நீ’ன்னு கூப்பிட ஆரம்பிச்சா, நாளைக்கு ஓர் ஆள் அழறாருன்னு கூப்பிடுவோம். அப்புறம் பஸ் ஸ்டாப்புல சும்மா நிக்கறவரைக் கூப்பிடுவோம். இதுக்கு முடிவு எங்க? நான் முப்பத்தோரு வருஷமா தலைவரா இருக்கேன். எனக்குத் தலை சுத்தும், உங்களுக்கே தெரியும், நான் மேல போனதில்ல. அதனால இந்தக் கூடத்துல ஒருத்தர்கூட என்னை ‘நீ’ன்னு கூப்பிட்டதில்ல. வீட்டுலயும் நானும் என் மனைவியும் ‘நீங்க’தான், வீடும் கடல் மட்டத்துக்குக் கீழதானே இருக்கு? விலக்கு இருக்கு, தெரியும். தலைவரே விலக்கு வாங்கினா நல்லா இருக்குமா? போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப மனைவி கையைப் பிடிச்சுட்டு, ‘சீக்கிரம் எழுந்திரிங்க டாக்டர்’னாங்க. நான் எழுந்திரிச்சேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

தலைவர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார், அந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்பதுபோல. பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

ஐலர்ட்டைக் கூப்பிட்டார்கள்.

“பொப்பிங்கா சார், வில்ட்ஸ் மேடம் உங்களை ‘நீ’ன்னு கூப்பிட்டாங்களா, இல்லையா?”

ஐலர்ட் கேஷேவைப் பார்த்தார். கேஷே தரையைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் அவருக்கென்று ஒருவர் மனசிலிருந்து சொன்ன சொல் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அது அவருடையதாக இருக்கும், ஆனால் சொன்னவர் போய்விடுவார். வியாழக்கிழமை மறுபடி பெஞ்சுதான்.

“இல்லைங்க. ‘விழமாட்டீங்க’ன்னுதான் சொன்னாங்க” என்றார்.

மென்னோ துள்ளி எழுந்தார். “நான் கேட்டேன்! ‘விழமாட்ட’. அதோட நின்னுச்சு. ‘ங்க’ வரவே இல்ல!”

“வந்துச்சுங்க. உங்க காதுக்கு வரல. நான் இருபத்தாறு வருஷமா பம்பு சத்தத்துல வேலை பாக்கறவன். இரைச்சல் இருக்கற இடத்துல ஒரு வாக்கியத்தோட தலை கேக்கும், வால் கேக்காது. உங்க நாற்காலிக்கு மேல காத்து இழுக்கற விசிறி இருக்கு. எனக்கு ‘பயப்படாதீங்க’ன்னும் கேட்டுச்சு, ‘நீங்க’ன்னும் கேட்டுச்சு, ‘விழமாட்டீங்க’ன்னும் கேட்டுச்சு.” இவ்வளவு நீளமாக அவர் அந்த வருஷத்தில் பேசியதே இல்லை.

ஏழு பேரும் கூடிக் குசுகுசுத்தார்கள். மூன்று ‘ங்க’ எங்கே போயின என்று ஆராய ஒரு காற்றோட்டப் பொறியாளர் வரவழைக்கப்பட்டார். அவர் விசிறியைக் கழற்றி, உள்ளே தூசி, வெள்ளைப் பொடி, ஒரு செத்த வௌவால் ஆகியவற்றைக் கண்டெடுத்து, ‘ஒலிகள் உறிஞ்சப்பட்டிருக்கும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். தீர்ப்பு வந்தது. ‘நீ’ சொல்லப்படவில்லை. விசிறிக்கு எச்சரிக்கை. தீர்ப்பின் அடியில் சாட்சி கையெழுத்திட வேண்டும். தன்னை யாரும் ‘நீ’ என்று கூப்பிடவில்லை என்ற வாசகத்துக்குக் கீழே ஐலர்ட் தன் பெயரை முழுசாக எழுதினார்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கேஷே நின்றிருந்தார்.

“நன்றிங்க சார்” என்றார்.

“பரவாயில்லைங்க.”

“நான் வாய் தவறிச் சொல்லிட்டேனோன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க தெளிவாக் கேட்டிருக்கீங்க. நல்லதாப் போச்சு.” அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஐலர்ட் அணை ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போனார். தான் மறுத்ததை அந்த அம்மாள் நிஜமென்றே எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அவருக்குப் பட்டது. ஒரு சொல் கிடைத்தது, அதையும் தன் கையாலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அழுகை வந்தது, காற்றில் கண் கலங்குகிறது என்று வைத்துக்கொண்டார்.

இந்த வழக்கால் சங்கத்துக்குப் பெரிய தெளிவு பிறந்தது. விசிறிகளை நம்ப முடியாது. ஆகவே விதி ஏழு திருத்தப்பட்டது. இனி ஏறுகிறவரும் கயிறு பிடிப்பவரும், கோட்டுக்கு மேலானாலும் கீழானாலும், சுவரில் ஆள் இருக்கும் வரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கயிற்றை இழுத்துத்தான் தெரிவிக்க வேண்டும். ஓர் இழுப்பு என்றால் இறுக்கம். இரண்டு இழுப்பு என்றால் தளர்வு. பட்டியல் அவ்வளவுதான். ‘இழுப்புக்கு விகுதி கிடையாது, எனவே எல்லா இழுப்பும் மரியாதை இழுப்பாகவே கொள்ளப்படும்’ என்று பட்டியலின் கீழே தடித்த எழுத்தில் அச்சிட்டு மாட்டினார்கள். ‘நீ’ கட்டாயம் என்ற பழைய வரியை நீக்க மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள். ஆகவே எங்கள் கூடத்தில் கோட்டுக்கு மேலே ‘நீ’ என்று கூப்பிட்டே ஆக வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

ஐலர்ட் போகாமல் இருந்திருக்கலாம். இனி மேலே போய் என்ன கேட்கப் போகிறது? ஆனாலும் வியாழக்கிழமை வந்தால் கால் தானாகக் கூடத்துக்குப் போயிற்று. கேஷேவும் வந்தார். பதினான்கு கேள்விகள், பதினான்கு திருப்திகள். பிறகு மௌனம். கீழே டாக்டர் ஹாரிங்கா புதிய முறை எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவுவார். பேச்சுச் சத்தமே இல்லாத கூடத்தைப் பார்த்து, “என்ன ஓர் ஒழுங்கு” என்பார்.

பிப்ரவரியில் ஒருநாள், ஏன் என்று தெரியாமல், ஐலர்ட்டுக்குக் கை ஓடிற்று. ஏழைத் தாண்டினார். எட்டில் முழங்கால் ஆடவில்லை. கயிறு எப்போதும் சரியான அளவு இறுக்கத்தோடு கூடவே வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. ஒன்பதில் மூச்சு வாங்கினார். பச்சைப் பிடி ஒன்றை எட்டிப் பிடித்து, காலை ஊன்றி எழுந்தார். மஞ்சள் கோடு கண்ணுக்கு நேரே வந்தது, மூக்குக்கு வந்தது, தாடைக்கு இறங்கிற்று. வலது காது. இடது காது.

ஐலர்ட் மேலே வந்துவிட்டான்.

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். கேஷே சொன்னது சரிதான், வேறு ஒன்றும் தெரியவில்லை. அவன் காத்திருந்தான். கீழேயிருந்து குரல் வராது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ யாரோ இருமினார்கள். இவ்வளவு உயரம் ஏறி வந்து தனியாக நிற்கிறோமே என்று நினைத்தான்.

அப்போது கயிறு அசைந்தது. ஓர் இழுப்பு. இறுக்கமா? ஏற்கெனவே இறுக்கமாகத்தானே இருக்கிறது? இன்னொரு இழுப்பு. தளர்வா? தளரவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, நிதானமாக, மூன்றாவது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு இடுப்பில் அந்த மூன்றாவதை உணர்ந்தான். குனிந்து பார்த்தான். பத்து மீட்டர் கீழே கேஷே அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள். இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

அவன் இறங்கினான். கோடு தலைக்கு மேலே போயிற்று. கேஷே கயிற்றை மெல்ல விட்டுக்கொடுக்க, ஐலர்ட் பொப்பிங்கா தரையில் கால் வைத்தார்.

தலைவர் ஓர் அடி தள்ளி நின்று இருவரையும் கவனித்தார். ஐலர்ட் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், விரல் கேட்கவில்லை. கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மேடம், நீங்க மூணு தடவை இழுத்தீங்களா?”

கேஷே குனிந்து, அவருடைய முடிச்சைத் தன் கையால் அவிழ்த்தார். “பட்டியல்ல மூணு இருக்குங்களா, சார்?”

“இல்லைங்க.”

“அப்ப நான் எப்படி இழுத்திருப்பேன்?” என்றார் கேஷே. “உங்களுக்குத்தான் எதுவும் தெளிவாக் கேக்குமே.”

தலைவர் திருப்தியோடு தலையசைத்துவிட்டு நகர்ந்தார். கேஷே கயிற்றைச் சுருட்டி முடித்தார். பிறகு சிற்றுண்டி மேஜைக்குப் போய் இரண்டு கோப்பைகளை எடுத்து எதிரெதிரே வைத்து, ஐலர்ட் வந்து உட்காரும் வரை ஊற்றாமல் காத்திருந்தார்.